மச்சானுக்கு இறைத்த தண்ணீர்

1

போன வாரம் எங்கள் பகுதி வாலிபால் கிளப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தின் தெற்கு ஓரத்தில். அங்குள்ள திடலில் ஒரு மர பெஞ்சு போடப் போகிறார்களாம். பெஞ்சில் பித்தளைத் தகடு, தகட்டில் நாகநாதன் பெயர். கூடவே கிளப்பின் இணையப் பக்கத்தில் போடுவதற்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

நாகநாதன் என் மனைவி மலர்க்கொடியின் அண்ணன். எனக்கு மச்சான். போய்ச் சேர்ந்து ஒரு வருடமும் சில மாதங்களும் ஆகின்றன. கிளப்காரர்கள் முதலில் அவர் மனைவி சாந்தி அக்காவைத்தான் கேட்டிருக்கிறார்கள். அக்கா என்னைக் கைகாட்டிவிட்டார்.

"தம்பி, நீதான் அவரை முப்பது வருசமாப் பாத்துக்கிட்டே இருந்த. நீ எழுதுனாத்தான் சரியா இருக்கும்" என்றார் போனில்.

முப்பது வருடம் பார்த்தது உண்மைதான். எந்தக் கண்ணால் பார்த்தேன் என்பது பாவம், அக்காவுக்குத் தெரியாது.

கிளப் அனுப்பிய படிவத்தில் எழுதுகிறவருக்கும் இறந்தவருக்கும் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. இந்த நாட்டில் சாவுக்கும் படிவம், பெஞ்சுக்கும் படிவம். மனைவியின் சகோதரர் என்று நிரப்பி, விளையாட்டு வீரர், உலகம் சுற்றியவர், அன்பான கணவர், நல்ல தகப்பன் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். எல்லாம் உண்மை. எழுதாமல் விட்டதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். கொஞ்ச நஞ்சமல்ல. அவர் செத்த பிறகும் பட்டேன்.

2

எங்கள் ஊர் உச்சிப்புளியிலிருந்து உள்ளே போகிற பாதையில் இருக்கிறது. மிளகாயும் நெல்லும் போடுகிற ஊர். கோடையில் கண்மாய் வற்றியதும் நடுவில் இரண்டு பனங்கழியை ஊன்றி வலையைக் கட்டிவிடுவார்கள். வலையின் ஒரு பக்கம் நாகநாதன் நிற்பார். அவர் எகிறி அடித்தால் பந்து எதிர்ப்பக்க மண்ணில் பள்ளம் பறிக்கும். பெரிய ஆட்கள் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து கரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

நானும் ஆட்டத்தில் இருந்தேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு புள்ளி எழுதுகிறவனாக. பாம்பனில் நடந்த ஒரு போட்டியின் கடைசி ஆட்டத்தில், கடலில் வலை இழுத்து இரும்பாகிப்போன தோள்களோடு எதிரே ஆறு பேர் நிற்க, நாகநாதன் ஒற்றை ஆளாக ஆட்டத்தைத் திருப்பினார். அவர் அடித்த ஒவ்வொரு புள்ளியையும் என் கையால்தான் எழுதினேன். ஊர் திரும்பும்போது லாரியில் கோப்பையை என் மடியில் வைத்தார்கள், அவர் கை வலிக்கிறது என்றார் என்பதற்காக.

அவர் தங்கையைப் பெண் பார்க்கப் போனபோது, அந்த வீட்டுக் கண்ணாடி அலமாரி முழுக்கக் கோப்பைகள். அப்போது அவர் சவுதியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவில் வந்திருந்தார். மலர் காபித் தட்டோடு வந்து நின்று நிமிர்ந்து பார்த்தாள். என்னை அல்ல, அண்ணனை. அவர் தலையை ஆட்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். அன்றைக்கே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் மலர் அழகாக இருந்தாள்.

3

சவுதிக்குப் பிறகு சிங்கப்பூர். பிறகு கொரியாவில் ஒரு கப்பல் கட்டும் தளம். பிறகு ஆஸ்திரேலியா. போன இடமெல்லாம் அங்குள்ளவர்களோடு ஏதாவது ஒரு பந்தைத் தூக்கிப்போட்டு விளையாடிச் சிநேகம் பிடித்துவிடுவார். பழைய பாஸ்போர்ட்டுகள் நான்கை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தார். லீவு கிடைத்தால் சாந்தி அக்காவையும் இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு எந்த நாட்டிலாவது ஏதாவது மைதானத்தில் போய் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து தொப்பியும் துண்டுமாகப் படம் வரும். மலர் அதை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாருங்க, எங்கண்ணனை" என்பாள். அந்த "எங்கண்ணன்" என்ற சொல் எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை புழங்கியது என்று நான் கரும்பலகையில் எழுதியிருந்தால் பலகை போதாது.

என்னை இங்கே வரவழைத்தவரும் அவர்தான். நான் ராமநாதபுரத்தில் வரைபட வேலையில் இருந்தேன். "மாப்ள, கெளம்பி வாங்க. மத்ததை இங்கன வந்து பாத்துக்கலாம்" என்றார். வந்தேன். வீடு பிடித்துக் கொடுத்தது, வண்டி ஓட்டப் பழக்கியது, எந்தக் கடையில் நல்ல மீன் கிடைக்கும் என்று காட்டியது எல்லாம் அவர். நன்றி சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேய்ந்துபோனது. ஒருவரிடம் இருபது வருடம் நன்றியோடு இருந்து பாருங்கள், அப்போது என் கஷ்டம் புரியும்.

எங்களுக்கு ஒரே மகன், கவின். அவனுக்குக் காது குத்த ஊருக்கு வந்திருந்தோம். குலசாமி கோயில் வாசலில், முறைப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். என் தோளில் வீறிட்டுக்கொண்டிருந்தவன் அந்த மடிக்குப் போனதும் வாயை மூடிக்கொண்டான். ஊசி இறங்கியபோதுகூட ஒரு சிணுங்கல்தான். நான் துண்டோடு ஓரமாக நின்றேன். நம் பக்கத்தில் எந்தத் தகப்பனும் அந்த ஒரு நாள் தன் இடத்தைத் தாய்மாமனுக்கு விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். எனக்கு அந்த ஒரு நாள் பத்தொன்பது வருடம் நீண்டுவிட்டது.

4

சனிக்கிழமைகளில் கவினைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துப் போவேன். அரை மணி நேர ஓட்டம். அ, ஆ என்று ஆரம்பித்தவன் இரண்டு வருடம் கழித்தும் அங்கேயே நின்றான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு திடலுக்குப் போய்வந்தால் தமிழ் கொட்டும். "வாரேன்மா", "இங்கன வைங்கப்பா" என்று அசல் நம் ஊர்ப் பேச்சு. ஒரு தடவை வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது என் அய்யாவைப் பார்த்து, "ஏலே தாத்தா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டான். மாமா தன்னை அப்படித்தானே கூப்பிடுகிறார், அது பாசமான வார்த்தை என்று நினைத்திருக்கிறான். அய்யா இருமும் அளவுக்குச் சிரித்தார். என் மகனின் வாயில் இருந்தது என் ஊர்த் தமிழ்தான், ஆனால் அது என் வழியாக வரவில்லை.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது கவினுக்குப் பதினெட்டு வயதானபோது. கால்பந்து ஆடும்போது முழங்கால் பிசகி, மைதானத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். மைதானம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு. நான் கொல்லையில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடத் தூரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த மச்சான் அங்கிருந்து எனக்குப் போன் செய்தார்.

"மாப்ள, பதறாதீங்க. நான் வந்துட்டேன். எல்லாம் பாத்துக்கிட்டேன்."

அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று கால்பந்து கிளப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் மாமாவின் எண். இரண்டாவதில் அம்மாவின் எண். நான் கவினிடம் கேட்டேன். சண்டைபோடவில்லை, சாதாரணமாகக் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"மாமா எப்பவும் போனை எடுப்பாருப்பா. நீங்க சைலண்ட்ல போட்டுருவீங்க. அதோட ரெண்டு கட்டந்தான் இருந்துச்சு" என்றான்.

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமைக் காலை, அதே வாலிபால் திடலில், விசிலை வாயில் வைத்தபடியே மச்சான் சாய்ந்தார். ஐம்பத்தாறு வயது. ஆட்டத்தை நிறுத்த ஊதுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்களாம். கவின் அப்போது வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தான்.

5

பெர்த்திலேயே தகனம் செய்தோம். அஸ்தியில் ஒரு பங்கை ராமேஸ்வரத்தில் கரைக்க வேண்டும், அதைத் தலைத்திவசத்தோடு சேர்த்துச் செய்யலாம் என்று சாந்தி அக்கா சொன்னார். அதுவரை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. அக்கா குடியிருப்பது அடுக்குமாடி. ஆகவே எங்கள் கார் கொட்டகையின் மேல்தட்டில் வைத்தோம். ஒவ்வொரு நாளும் வேலைக்கு வண்டியை எடுக்கும்போது தலைக்கு மேலே மச்சான். செத்தும் என் வீட்டில் உயரமான இடம் அவருக்குத்தான்.

அஸ்தியைக் கொண்டுபோவதற்குத் தகனச் சான்று, இறப்புச் சான்று, மூடி முத்திரையிட்ட கலம், விமான நிறுவனத்துக்குத் தனிக் கடிதம். இவற்றையெல்லாம் ஓடி ஓடிச் சேர்த்தது நான். அதோடு கவினின் இந்திய விசாவுக்கும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்த விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. தகப்பன் பெயர் இடத்தில் அவன் வெறுமனே பூமிநாதன் என்று போட்டிருந்தான், என் பாஸ்போர்ட்டில் கருப்பையா பூமிநாதன் என்று இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"நல்லாக் கேட்டுக்க. இந்தியாவுல யாரு, எங்க கேட்டாலும் அப்பா பேரைத்தான் கேப்பாங்க. தயங்காம முழுசாச் சொல்லணும். கருப்பையா பூமிநாதன். சொல்லு பாப்போம்."

சொன்னான். விமானம் ஏறும்வரை அவ்வப்போது சொல்ல வைத்தேன். என் பெயரை அவன் வாயால் கேட்க அது ஒரு சாக்கு என்று இப்போது தோன்றுகிறது.

ஊருக்குப் போனதும் அடுத்த கேள்வி வந்தது. மச்சானுக்கு இரண்டும் பெண்கள். மூத்தவள் பிள்ளைத்தாய்ச்சி, சின்னவள் அவளுக்குத் துணையாக இருந்துவிட்டாள். திதி கொடுப்பது யார்? மச்சானின் பெரியப்பா மகன் முனியாண்டி அண்ணன்தான் வழி சொன்னார்.

"மருமகப் புள்ள செய்யலாம், தப்பில்ல. தாய்மாமனுக்குச் செய்யக் குடுத்து வச்சிருக்கணும். ஆனா பூமி, அவன் அப்பன் இருக்கிற புள்ள. அய்யர்ட்ட மொதல்லயே சொல்லிரு. சொல்லலேன்னா அவரு பாட்டுக்கு அப்பன், தாத்தன்னு வரிசையாப் பேரு கேட்டுப் பிதுர்க் கணக்குல சேத்துருவாரு. நீ பக்கத்துலயே நில்லு."

சரி என்று தலையாட்டினேன்.

6

காலையில் கிளம்பினோம். சாந்தி அக்கா, மலர், கவின், நான். பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாகப் போனபோது கவின் கீழே நின்ற படகுகளைப் பார்த்துக்கொண்டே, "மாமா பைனல் ஆடுனது இங்கனதானப்பா?" என்றான். ஆமாம் என்றேன். நான் புள்ளி எழுதியதை அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்னி தீர்த்தக் கரையில் வழக்கம்போலக் கூட்டம். எந்தெந்த ஊர்ப் பாஷையோ கேட்டது. இந்தியா முழுக்கத் தன் தகப்பனைக் கரைக்க வருகிற கடலுக்கு நாங்கள் முக்கால் மணி நேரத்தில் வந்துவிட்டோம் என்று மலர் அழுகைக்கு நடுவே சொன்னாள். பெண்கள் இருவரும் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்தார்கள். ஒரு அய்யரைப் பிடித்தோம். அவருக்கு அன்று வரிசையாக ஆட்கள்.

கவின் வேட்டி கட்டி, மாமாவின் பழைய நீலப் பனியனைப் போட்டிருந்தான். கழுத்தில் அந்த விசில். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அஸ்தியைக் கரைத்தான். கலம் காலியானதும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். சின்னப் பிள்ளை போல வாய்விட்டு, தோள் குலுங்க. ஒன்பது வயதுக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்ததில்லை. முழங்கால் பிசகியபோதுகூட அழவில்லை.

நல்ல மனிதனாக இருந்தால் போய்த் தோளில் கை வைத்திருப்பேன். எனக்கு வந்த நினைப்பு வேறு. நாளைக்கு எனக்கு இப்படி அழுவானா? அழ மாட்டான். படிவம் நிரப்புவான். அந்த நினைப்பு வந்ததும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. அவனை அய்யருக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, தேங்காய் வாங்கிவருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கடைப் பக்கம் நடந்தேன். தேங்காய் எங்கள் கூடையிலேயே இருந்தது.

கடை நிழலில் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வெறுங்கையோடு திரும்பி வரும்போது அய்யரின் குரல் உரக்கக் கேட்டது. அவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்ல, கவின் திக்கித் திக்கித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். மந்திரத்துக்கு நடுவே தெளிவாக, தயங்காமல், முழுசாக ஒரு பெயர் வந்தது.

"கருப்பையா பூமிநாதன்."

அவன் கையிலிருந்து எள்ளும் தண்ணீரும் கட்டைவிரல் ஓரமாக வழிந்து தட்டில் விழுந்தது. கண்ணை மூடிப் பயபக்தியோடு இறைத்தான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

"நிறுத்துங்க அய்யரே! நான் உசுரோட இருக்கேன்!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். பக்கத்தில் திதி கொடுத்துக்கொண்டிருந்த வடக்கத்திக் குடும்பம் ஒன்று எழுந்து நின்றுவிட்டது.

அய்யர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு?"

"பூமிநாதன்."

கவின் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான். அவனுக்கு மெல்லத்தான் விளங்கியது. முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, நான் என்ன பண்ணிட்டேன்? பேரு கேட்டாரு. நீங்கதான சொன்னீங்க, யாரு கேட்டாலும் முழுசாச் சொல்லணும்னு" என்று எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தான். ஈரக் கை, எள் ஒட்டிய கை. நாடி பார்ப்பதுபோல இறுக்கிப் பிடித்தான்.

அதற்குள் மலர் ஓடி வந்துவிட்டாள். விஷயம் தெரிந்ததும் வைத்தாளே ஒரு ஒப்பாரி. "ஏங்க, பக்கத்துல நில்லுன்னு முனியாண்டி அண்ணன் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்ல? அங்கன போயி என்னத்தப் புடுங்குனீங்க? எங்கண்ணனும் போயி, நீங்களும் போயிட்டா நான் என்னங்க செய்வேன்?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். இருபத்து நான்கு வருடத்தில் எனக்காக மலர் அப்படி அழுது நான் பார்த்ததே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அய்யர் தங்கமான மனிதர். "மொதல்லயே சொல்லப்படாதோ? நான் யாருன்னு கண்டேன்? கொழந்த அழுத அழுகையப் பாத்தா தோப்பனாருக்குன்னுதான் நெனச்சேன். போறது, ஆயுசு கெட்டின்னு வச்சுக்கோங்கோ. எல்லாருமா முங்கிட்டு வாங்கோ, முதல்லேர்ந்து பண்ணலாம்" என்றார்.

நான்கு பேரும் கடலில் முங்கினோம். கவின் என் கையை விடவில்லை. மறுபடி உட்கார்ந்து மாமாவுக்கு மட்டும் இறைத்தான். இந்தத் தடவை நான் அவன் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். பிறகு கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினோம். ஏதோ ஒரு கிணற்றில் தலையில் வாளித் தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போது கவின் சொன்னான்:

"மாமா பாத்திருந்தா, பந்து அவுட்டுன்னு விசில் ஊதிருப்பாரு."

சாந்தி அக்கா ஒரு வருடத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். மலர் சிரித்தாள். அன்றைக்குச் சாகாமல் பிழைத்தவன் நான், சிரிப்பை வாங்கிக்கொண்டு போனவர் மச்சான். நானும் சிரித்தேன், வேறு வழி?

7

நேற்று சாயங்காலம் கவின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். கோடை விடுமுறை வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, அதற்கான படிவம். காபி கொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற பகுதி. இரண்டு கட்டங்கள். பழைய விவரங்கள் தாமாகவே வந்து உட்கார்ந்திருந்தன. முதலில் மாமா. இரண்டாவதில் அம்மா.

ஒரு வருடமாக அவனே மாற்றுவான் என்று காத்திருந்தேன். இப்போது கேட்டே விட்டேன்.

"அந்த நம்பரை இனிமே யாரு எடுப்பா?"

"அத்தை வச்சிருக்காங்க. அவங்க எடுப்பாங்க" என்றான். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "சைலண்ட்ல போட மாட்டேன்னு சொல்லுங்க. ஒங்க நம்பரைப் போடுறேன்."

போனை எடுத்துச் சத்தத்தை முழுசாக ஏற்றிக் காட்டினேன். அவன் மாமாவின் பெயரை அழிக்கப் போனான். ஒரு எழுத்து போனது, இரண்டு எழுத்து போனது. விரல் அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடம் நான் ஆசைப்பட்ட கட்டம் பாதி காலியாக என் முன்னால் இருந்தது.

"வேணாம். இருக்கட்டும், அழிக்காத" என்றேன்.

"அப்ப ஒங்க பேரு?"

"அதான் ராமேஸ்வரத்துலயே குடுத்துட்டியே" என்றேன்.

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அழித்த இரண்டு எழுத்தைத் திரும்பப் போட்டுவிட்டு எழுந்து வந்து, இந்த நாட்டுப் பிள்ளைகள் செய்வதுபோல என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். என்னைவிட அரை அடி உயரம். விட நேரமானது. மச்சான் இதைப் பார்க்க இருந்திருக்க வேண்டும். பார்த்து அவருக்கு ஒரு தடவையாவது வயிறு எரிந்திருக்க வேண்டும்.